பியாவே நதியைக் கடந்த பந்தாட்டக்காரர்

சென்ற இதழில் ஆர்தர் வார்ட்டனின் கதையை முடித்தோம். தங்கக் கடற்கரையில் பிறந்தவர். 1886-ல் நூறு கெஜத்தைப் பத்து விநாடியில் ஓடிக் காட்டியவர். இங்கிலாந்தில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்று பெயர் வாங்கியும், கடைசியில் சுரங்கக் கூலியாக 1930-ல் செத்துப்போனார். அவருக்கு ஒரு தலைமுறை பின்னால் வந்தவர் வால்டர் டல். வார்ட்டன் கோல்கீப்பர். டல் ஆடியதோ முன்களத்தில், எதிரணி ரசிகர்களின் கண்ணும் வாயும் ஓயாமல் துரத்துகிற இடத்தில். அந்த வாய்களைப் பற்றி இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அப்பா டேனியல் டல் தச்சர். பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்ட அடிமையாக இருந்தவரின் மகன். 1876-ல் இங்கிலாந்து வந்து, கென்ட் மாவட்டக் கடற்கரை ஊரான ஃபோக்ஸ்டனில் தொழில் செய்தார். உள்ளூர்ப் பெண் ஆலிஸ் பாமரைக் கல்யாணம் செய்துகொண்டார். வால்டர் பிறந்தது 1888 ஏப்ரல் 28. அவனுக்கு ஏழு வயது நடக்கும்போது அம்மாவைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. ஆலிஸின் உறவுக்காரப் பெண் கிளாராவை டேனியல் மறுமணம் செய்துகொண்டார். அவளுக்கு ஒரு குழந்தை பிறந்து மூன்றே மாதத்தில், 1897 டிசம்பரில், இதய நோயால் டேனியலும் போய்விட்டார்.

கைக்குழந்தையோடு நின்ற சித்தியால் இத்தனை வயிற்றுக்கு எப்படிச் சோறு போட முடியும்? ஊர் மெதடிஸ்ட் சபைப் போதகர் சொன்ன யோசனைப்படி வால்டரையும் அவன் அண்ணன் எட்வர்டையும் 1898 பிப்ரவரியில் லண்டனுக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தது பெத்னல் கிரீனில் மெதடிஸ்ட் சபை நடத்திவந்த அனாதை விடுதியில். வால்டருக்கு வயது ஒன்பது, அண்ணனுக்குப் பதினொன்று.

இரண்டே வருடத்தில் அண்ணனும் பிரிந்தான். எட்வர்டுக்கு நல்ல குரல்வளம். விடுதிப் பிள்ளைகளின் பாட்டுக் குழு நிதி திரட்ட ஊர் ஊராகப் போகும். அப்படிப் போன இடத்தில் கிளாஸ்கோவைச் சேர்ந்த வார்னாக் குடும்பத்தாருக்கு அவனைப் பிடித்துப்போய்த் தத்தெடுத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்துத் தொழில் பல் மருத்துவம். பின்னாளில் எட்வர்டும் படித்துப் பல் டாக்டரானார். பிரிட்டனில் அந்தத் தொழிலுக்குத் தகுதி பெற்ற முதல் கலப்பின மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள். வால்டர் விடுதியிலேயே வளர்ந்தான், அச்சுத் தொழில் பழகினான். விடுதி அணியில் பந்தும் ஆடினான். அண்ணன் தம்பி உறவு மட்டும் கடைசிவரை அறுந்துபோகவில்லை. இன்று வால்டரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு, எட்வர்டின் குடும்பம் பத்திரப்படுத்தி வைத்த காகிதங்களிலிருந்து வந்தது.

1908-ல் கிளாப்டன் என்ற அமெச்சூர் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஒரே பருவத்தில் கிளாப்டன் எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பை, லண்டன் சீனியர் கோப்பை, லண்டன் மாவட்ட அமெச்சூர் கோப்பை என மூன்றையும் அள்ளியது. இந்த வருடம் கிடைத்த முத்து இந்த ஆள்தான் என்ற பொருளில் ஒரு விளையாட்டுப் பத்திரிகை எழுதியது. 1909-ல் டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கதவைத் தட்டியது.

அந்தக் காலக் கால்பந்தாட்டக்காரரின் வரும்படி எவ்வளவு என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அதிகபட்சம் 10 பவுண்டு. வாரச் சம்பளம் அதிகபட்சம் 4 பவுண்டு. எத்தனை பெரிய நட்சத்திரமானாலும் அதற்கு மேல் சல்லிக்காசு கொடுக்கக் கூடாது என்பது கால்பந்துச் சங்கத்தின் சட்டம். கிளப் விடாமல் ஆட்டக்காரர் வேறு கிளப்புக்குப் போகவும் முடியாது. அதே 1909 கோடையில்தான் ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கம் வைப்பதா கூடாதா என்று பெரிய தகராறு நடந்தது; தொழிற்சங்கத்தை விட மறுத்த மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் தங்களை ‘விலக்கப்பட்டவர்கள்’ என்றே அழைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் அச்சுக்கோக்கும் பையனுக்கு வாரம் நான்கு பவுண்டு என்பது கனவுத் தொகை. வால்டர் பத்து பவுண்டை வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டார். அந்தக் கோடையிலேயே அணியோடு கப்பலேறி அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ஆடிவிட்டு வந்தார்.

டோட்டன்ஹாம் முதல் டிவிஷனில் காலடி வைத்த முதல் பருவம் அது. செப்டம்பரில் சண்டர்லாந்தில் தோல்வியோடு தொடங்கினார்கள். பிறகு சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட், அந்த ஆண்டின் எஃப்.ஏ. கோப்பை வெற்றியாளர்கள். முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. டல்லைத் தடுக்க வழி தெரியாமல் எதிரணி செய்த தவறால் டோட்டன்ஹாமுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது.

மறுநாளோ மறுவாரமோ வெளிவரும் ஆட்ட விமர்சனங்கள் பெரும்பாலும் யார் கோல் போட்டார் என்பதோடு நின்றுவிடும். டெய்லி கிரானிக்கிள் நிருபர் அதற்கு மேல் ஒன்றைப் பார்த்திருக்கிறார். பந்து காலுக்கு வந்ததும் டல் அதை உடனே தட்டிவிடுவதில்லை. இமைப்பொழுது நிறுத்துகிறார். எதிராளி ஒரு பக்கம் சாயும்வரை காத்திருந்து, அவன் சாய்ந்து இனித் திரும்ப முடியாது என்ற கணத்தில், கூட்டாளியின் காலடியில் போய் விழும் அளவுக்கே வேகம் கொடுத்துப் பாஸ் செய்கிறார். இந்த நிதானத்தை வெகுநாளாக நான் பார்த்ததில்லை என்று அந்த நிருபர் வியக்கிறார். கூட ஆடியவர்களைவிட ஒரு படி மேல் என்றும் சொல்கிறார். வயது 21, பெரிய ஆட்டங்களில் இப்போதுதான் நுழைந்தவர். முப்பதாயிரம் பேர் கத்தும்போது அரை நொடி காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று, தெருவில் டென்னிஸ் பந்து உதைத்தவர்களுக்குக்கூடத் தெரியும். அடுத்த வாரம் பிராட்ஃபோர்டு சிட்டிக்கு எதிராக முதல் கோலும் போட்டார்.

பிறகு பிரிஸ்டல். 1909 அக்டோபர் 9. பிரிஸ்டல் சிட்டி அந்த ஏப்ரலில்தான் கோப்பை இறுதியாட்டம் வரை வந்த அணி. ஆட்டம் முழுக்க கூட்டத்தில் ஒரு பகுதி டல்லின் நிறத்தைச் சொல்லி வசை பாடியது. மீன் மார்க்கெட்டில்கூடக் காதில் விழாத வசை என்று ஃபுட்பால் ஸ்டார் நிருபர் எழுதினார். கோழைத்தனமான தாக்குதல் என்று சொன்னவர், அதோடு விடவில்லை: பந்தாடும் வெள்ளைக்காரர்கள் அத்தனை பேருக்கும் மனத்தாலும் ஆட்ட முறையாலும் முன்மாதிரியாக இருப்பவர் டல் என்று அந்தக் கும்பலுக்கே பதில் சொன்னார். களத்தில் இருந்த முன்கள வீரர்களில் அன்று சிறந்தவரும் அவரே என்பது அவருடைய தீர்ப்பு.

நிருபருக்கு நன்றி. கிளப் என்ன செய்தது? சில நாளிலேயே டல் முதல் அணியில் காணாமல் போனார், ரிசர்வ் அணிக்குத் தள்ளப்பட்டார். பிரிஸ்டல் கூச்சல்தான் காரணம் என்று கிளப் எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. அப்படி யாராவது எழுதி வைப்பார்களா என்ன? அவர் ஆட்டம் மங்கிவிட்டது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. நான் பார்த்தவரையில், களத்தில் சிறந்தவர் என்று பத்திரிகை எழுதிய ஆளை ஓரங்கட்டியதற்கு ஆட்டக் காரணம் மட்டுமே இருந்திருக்கும் என்று நம்ப முடியவில்லை. டோட்டன்ஹாம் முதல் அணிக்கு அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தமே 10, கோல் 2.

இந்த இடத்தில்தான் ஹெர்பர்ட் சாப்மன் வருகிறார். பின்னாளில் ஹட்டர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் சாம்பியன்களாக்கிய அதே சாப்மன். அப்போது செருப்புத் தைக்கும் ஊரான நார்தாம்டனின் மேலாளர். அணியின் பட்டப்பெயரே ‘செம்மான்கள்’. சாப்மனுக்கு ஆள் எடை போடத் தெரியும். 1911 அக்டோபரில் நல்ல தொகை கொடுத்து டல்லை வாங்கினார். கொஞ்ச நாளில் பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல். பழைய பாக்கியை அதே ஊரின் இன்னொரு அணியிடம் வசூலித்தார் என்று எழுத எனக்கும் கை பரபரக்கிறது. ஆனால் வசை பாடியவர்கள் சிட்டி ரசிகர்கள், ரோவர்ஸ்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்!

நார்தாம்டனில் அவரை மெல்ல மெல்லப் பின்னால் இழுத்து ஹாஃப் பேக்காக ஆட வைத்தார்கள். கோல் குறைந்தது, ஆட்டத்தின் கடிவாளம் கைக்கு வந்தது. 111 ஆட்டங்கள், 9 கோல்கள். போர் வராதிருந்தால் இன்னும் பத்து வருடம் ஆடியிருப்பார், இந்தத் தொடரில் அவருக்கு அரைப் பக்கம்தான் கிடைத்திருக்கும்.

1914 ஆகஸ்ட் 4-ல் பிரிட்டன் போரில் இறங்கியது. செப்டம்பரில் கால்பந்துப் பருவம் வழக்கம்போலத் தொடங்கியது. கிரிக்கெட்டும் ரக்பியும் நின்றுவிட, கால்பந்து மட்டும் நடந்தது ஊர்ப் பெரிய மனிதர்களுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் பிரான்சில் சாகிறார்கள், இங்கே தடித்தடியான இளவட்டங்கள் காசுக்குப் பந்து உதைக்கிறார்களே என்று பத்திரிகைகளில் கடிதம் கடிதமாக வந்தது. இதில் வர்க்க வெறுப்பும் கலந்திருந்தது. ரக்பிக்காரர்கள் கனவான்கள், ஆட்டத்தை விட்டால் வேறு பிழைப்பு உண்டு. தொழில்முறைக் கால்பந்துக்காரர்கள் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், கிளப்போடு எழுதிய ஒப்பந்தம் கையைக் கட்டியிருந்தது.

வசவுக்குப் பதிலாகப் பிறந்ததுதான் கால்பந்துப் பட்டாளம். டிசம்பர் 15 அன்று ஃபுல்ஹாம் நகர மண்டபத்தில் கூட்டம். ஜாய்ன்சன் ஹிக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் முன்னின்று நடத்தினார். கிளாப்டன் ஓரியன்ட் கேப்டன் ஃபிரெட் பார்க்கர் போன்றவர்கள் முதலில் மேடையேறிப் பெயர் கொடுத்தார்கள். அதிகாரபூர்வப் பெயர் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டின் 17-ஆவது பட்டாலியன். சனிக்கிழமை தத்தம் கிளப்புக்கு ஆடப் போக விடுப்பு உண்டு என்று சலுகையும் கொடுத்தார்கள். கூட்டம் நடந்த ஆறாம் நாள், டிசம்பர் 21, வால்டர் டல் சேர்ந்தார். நார்தாம்டன் அணியிலிருந்து முதலில் பெயர் கொடுத்தவர் அவர்தான். கட்டாயப் படைச் சேர்ப்பு வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. யாரும் அவரைப் பிடித்து இழுக்கவில்லை.

படையில் பதவி மளமளவென்று ஏறியது, சார்ஜென்ட் ஆனார். 1915 நவம்பரில் பட்டாலியன் பிரான்ஸ் போயிற்று. அடுத்த ஜனவரியில் அண்ணனுக்கு எழுதிய ஒரு கடிதத்தின் சாரம் இது: மூன்று வாரமாகப் போர்முனைக்குப் பின்னால் ஓய்வில் இருக்கிறோம், மறுபடி பதுங்குகுழிக்குப் போகிறோம், இந்த ஓய்வு மகா சலிப்பு, பையன்களுக்குக் குழிகளின் பரபரப்பே மேல். எழுதியவருக்கு வயது 27. வீட்டாரைப் பயமுறுத்தாமல் எழுதும் கலை எல்லாச் சிப்பாய்களுக்கும் சீக்கிரமே கைவந்துவிடுகிறது.

ஏனென்றால் நான்கே மாதத்தில் அந்தப் பரபரப்பு அவர் மனத்தைக் குலைத்துப்போட்டது. ஓயாத ஷெல் வீச்சில் மனம் பேதலித்து, 1916 மே மாதம் இங்கிலாந்து மருத்துவமனைக்கு வந்தார். மருத்துவக் குறிப்பில் கடுமையான மனக் கிளர்ச்சி என்று எழுதினார்கள். நிதானத்துக்குப் பேர்போன மனிதர்! அன்று இந்த நோயைக் கோழைத்தனம் என்று சந்தேகப்பட்ட அதிகாரிகள் ஏராளம். தேறியதும் அவரைத் திருப்பி அனுப்பினார்கள், அதுவும் சோம் போர்க்களத்துக்கு. நவம்பர் 13 அன்று ஆங்க்ர் ஆற்றோரச் சேற்றில் நடந்த தாக்குதலில் 17-ஆவது பட்டாலியன் சின்னாபின்னமானது. டிசம்பர் இறுதியில் பேன் கடியால் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சலோடு வால்டர் ஊர் திரும்பினார்.

தேறி எழுந்தவரை அதிகாரிப் பயிற்சிக்கு ஸ்காட்லாந்தின் கெய்ல்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். அதிசயம் இங்கேதான் இருக்கிறது. அதிகாரிப் பதவிக்கான விண்ணப்பத்தாளிலேயே, நீர் கலப்பற்ற ஐரோப்பிய வம்சத்தவரா என்று ஒரு கேள்வி அச்சாகியிருக்கும். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கறுப்பர் உத்தரவிடுவதா என்பது ராணுவத்தின் மனநிலை. இந்திய ராணுவத்தில் நம்மவர்கள் எத்தனை போர் கண்டாலும் சுபேதார் மேஜரோடு நிற்க வேண்டியதுதான்; நேற்று வந்த வெள்ளைக்கார லெப்டினன்ட்டுக்கும் சல்யூட் வைக்க வேண்டும். இந்தியர் ஒன்பது பேருக்கு மன்னரின் கமிஷன் கொடுக்கப்போவதாக லண்டன் அறிவித்ததே 1917 ஆகஸ்டில்தான். அதற்கு மூன்று மாதம் முன்னால், மே 30-ல், வால்டர் டல் செகண்ட் லெப்டினன்ட் ஆகிவிட்டார்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி என்று அவரைச் சொல்லிவிடுவார்கள். அது சரியல்ல. ஜமைக்காவில் பிறந்த ஜார்ஜ் பெமண்ட் 1915-லேயே பீரங்கிப் படையில் அந்தப் பதவியைப் பெற்றார், ஐரோப்பிய வம்சமா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதிக் கொடுத்து. ஆகவே ‘முதல்’ பட்டத்தை ஒதுக்கி வைப்போம். நடந்தது என்னவென்று பார்த்தால், சோம் யுத்தத்தில் இளம் அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். அந்த இடங்களுக்கு, குண்டு மழையில் ஆட்களை நடத்தத் தெரிந்த சார்ஜென்ட்கள் வேண்டியிருந்தார்கள். விதியை யாரும் திருத்தவில்லை. தேவை வந்ததும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்கள். டோட்டன்ஹாமுக்குக் கோல் தேவைப்பட்ட மாதிரி, ராணுவத்துக்கு அதிகாரி தேவைப்பட்டது.

சேர்ந்தது 23-ஆவது மிடில்செக்ஸ், அதாவது இரண்டாம் கால்பந்துப் பட்டாளம். அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஆலன் ஹெய்க் பிரவுன், ஒரு காலத்தில் டோட்டன்ஹாமுக்கு அமெச்சூராக ஆடியவர். இலையுதிர்காலத்தில் ஈப்பர் முனையின் சேற்றில் பட்டாலியன் போரிட்டது. அக்டோபர் கடைசியில் கப்பரெட்டோவில் இத்தாலியப் படை நொறுங்கி ஓட, அதைத் தாங்கிப் பிடிக்கப் போன பிரிட்டிஷ் டிவிஷன்களில் இவர்களுடைய 41-ஆவது டிவிஷனும் ஒன்று.

இத்தாலியில் எல்லை போல் ஓடியது பியாவே நதி. இந்தக் கரையில் நேச நாட்டுப் படைகள், அந்தக் கரையில் ஆஸ்திரியர்கள். பியாவே நம் காவிரி மாதிரி ஒரே அகலமாகப் போகும் ஆறல்ல. பரந்த கூழாங்கல் படுகை, அதில் பல கால்களாகப் பிரிந்து ஓடும் தண்ணீர், ஆல்ப்ஸ் மலையிலிருந்து வருவதால் நடுக்குளிர், இழுப்பும் அதிகம். கரையில் மறைய மரமோ மேடோ கிடையாது, இருட்டு ஒன்றுதான் துணை. 1918 புத்தாண்டு பிறந்த ராத்திரிகளில் அந்தத் தண்ணீரில் இறங்கி அக்கரை போய் எதிரியின் நிலைகளை வேவு பார்த்து, தாக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். டல் 26 பேரைக் கூட்டிக்கொண்டு போனார். எதிரிகள் கடுமையாகச் சுட்டார்கள். போன 26 பேரையும் ஒரு காயமில்லாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்.

டிவிஷன் தலைவர் மேஜர் ஜெனரல் சிட்னி லாஃபோர்டு அவருடைய துணிச்சலையும் நிதானத்தையும் எழுத்தில் பாராட்டினார். (இந்த லாஃபோர்டின் மகன்தான் பின்னாள் ஹாலிவுட் நடிகர் பீட்டர் லாஃபோர்டு, கென்னடி வீட்டு மாப்பிள்ளை.) மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தில் அந்த நிருபர் கண்ட அதே குணத்தை எட்டு வருடம் கழித்து ஒரு ஜெனரலும் பார்த்திருக்கிறார். இடையில் அந்த மனம் ஒருமுறை உடைந்து ஒட்டியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், இரண்டாவது பாராட்டுக்குத்தான் எடை அதிகம்.

மார்ச்சில் டிவிஷனை மறுபடி பிரான்சுக்கு அழைத்தார்கள். மார்ச் 21-ல் ஜெர்மனியின் வசந்தகாலப் பெருந்தாக்குதல் தொடங்கியது. பிரிட்டிஷ் படை நாள் முழுக்கப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. 25-ஆம் தேதி, பாப்போம் நகருக்கு அருகே ஃபாவ்ரேய் கிராமத்தையொட்டி, தன் ஆட்களைப் பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தபோது வால்டர் டல் சுடப்பட்டு இறந்தார். முப்பது வயது முடிய ஒரு மாதம் பாக்கி. லெஸ்டர் ஃபோஸ் அணியின் முன்னாள் கோல்கீப்பர் டாம் பில்லிங்காம் உடலைத் தூக்கிவரப் பார்த்தார். ஜெர்மானியர்கள் நெருங்கிவிட்டார்கள், விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. உடல் பிறகு கிடைக்கவே இல்லை. அதே நாளில் தளபதி ஹெய்க் பிரவுனும் விழுந்தார். ஒரே பட்டாலியனில், ஒரே நாளில், டோட்டன்ஹாமுக்கு ஆடிய இரண்டு பேர்.

சக அதிகாரி பிக்கார்டு கிளாஸ்கோவிலிருந்த எட்வர்டுக்குக் கடிதம் எழுதினார். பட்டாலியனில் அத்தனை பேருக்கும் பிடித்தவர், அஞ்சாதவர், கடமையில் கண்ணானவர் என்று சொல்லிவிட்டு, ராணுவச் சிலுவை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தார் என்றும் குறிப்பிட்டார். அந்த விருது வரவில்லை. வழக்கமான போர்ப் பதக்கங்கள் மட்டுமே அவர் கணக்கில் சேர்ந்தன. சமாதி இல்லாத சுமார் 35,000 பேரின் பெயர்கள் பொறித்த அராஸ் நினைவுச் சின்னத்தில் அவர் பெயரும் சேர்ந்தது. அப்புறம் ஊர் மறந்துவிட்டது.

எழுபது வருடத்துக்கும் மேல் கழித்து ஃபில் வசிலி என்ற ஆய்வாளர் தோண்டித் துருவி இந்த வாழ்க்கையை மீட்டார். 1999-ல் நார்தாம்டன் மைதானத்தருகே நினைவுக் கல் நட்டார்கள், ஒரு சாலைக்கும் அவர் பெயர் வைத்தார்கள். 2018-ல் அஞ்சல்தலை வந்தது. அதே ஆண்டு, மறுக்கப்பட்ட விருதை இப்போதாவது கொடுங்கள் என்று 120-க்கும் மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிரதமருக்கு எழுதினார்கள். டோட்டன்ஹாம் தொகுதி உறுப்பினர் டேவிட் லாமி அதில் முன்னணியில் இருந்தார். அரசுக்குத் தயங்கக் காரணம் இரண்டு: பரிந்துரை எதுவும் ஆவணக் காப்பகத்தில் அகப்படவில்லை, அந்தக் காலத்தில் இந்த விருதை இறந்தவருக்குக் கொடுக்கும் வழக்கமும் இல்லை. இறந்தவருக்குக் கொடுக்கலாம் என்ற மாற்றம் 1979-ல்தான் வந்தது.

இரண்டாவது காரணம் ஆவணப்படி சரி. ஆனால் பியாவே கடந்தது ஜனவரியில், செத்தது மார்ச் கடைசியில். நடுவில் கிட்டத்தட்ட மூன்று மாதம் உயிரோடுதான் இருந்தார். நிறம்தான் தடுத்தது என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள்: விருதுக்காக அவர் பின்னணியைக் கிளறினால், அதிகாரியாக்கியதே விதிமீறல் என்று வெளிப்பட்டிருக்குமாம். நிரூபிக்க முடியாத வாதம்தான். என்றாலும், வேலை வாங்கும்போது மூடிக்கொண்ட கண் விருது கொடுக்கும்போது திறந்துகொள்வதை நாம் வேறு எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறோம்.

அடுத்த இதழில் இதே கால்பந்துப் பட்டாளத்தின் மேஜர் ஃபிராங்க் பக்லி. 1916-ல் நுரையீரலில் ஷெல் சில் பாய்ந்தும் பிழைத்தவர். 1930-களில் வுல்வ்ஸ் அணியை நடத்தியபோது, ஆட்டக்காரர்களுக்குக் குரங்குச் சுரப்பியிலிருந்து எடுத்த மருந்தை ஊசி போடுகிறார் என்று இங்கிலாந்து முழுக்கப் பேச வைத்தவர்.

(தொடரும்)